இடது கைக் கிட்டார்

சாதிக் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைச் செய்தான். ஹாஜராவுக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பாள்.

சனிக்கிழமை காலை, கடையின் மேல்மாடியில் அரிசி அடுக்கியிருந்த அறையில், கிட்டார் பெட்டியை ஒரு மூட்டையின் மேல் வைத்துத் திறந்தாள். மறுநாள் மாலை குயின் ஸ்ட்ரீட் முனையில் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் தெருவிழா. அந்த மேடையில் அவளுடைய இசைக்குழுவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவனே சாதிக்தான். "கிட்டாரைச் சர்வீஸுக்குக் குடுத்து எடுத்தாரேன், நீ கடையப் பாரு" என்று அவன் இரண்டு நாளுக்கு முன் தூக்கிக்கொண்டு போனபோது, அண்ணனுக்குத் தன் வாசிப்பில் இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று அவள் உள்ளூரக் குளிர்ந்துகூடப் போனாள்.

கிட்டார் பளபளவென்று இருந்தது. கறுப்பு உடம்பில் ஒரு கைரேகைகூட இல்லை. ஆனால் கம்பிகள் இடம் மாறியிருந்தன. மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே போயிருந்தது. அந்தத் தடித்த கம்பியும் தடித்ததாக இல்லை. ஆறுமே மெல்லிய புதுக் கம்பிகள். தோள்வார் மாட்டும் திருகு, அவள் கழற்றிப் போட்டிருந்த குமிழ், எல்லாம் கிட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த இடத்துக்கே திரும்பியிருந்தன.

ஹாஜரா இடது கைக்காரி. இடது கைக்கென்று செய்த கிட்டார் பினாங்குக் கடைகளில் எப்போதாவது ஒன்று வரும். அதுவும் மெல்லிசைக்குத்தான் லாயக்காக இருக்கும். அவளுக்கு வேண்டியது கனத்த ராக். தடித்த கம்பிகளை அடிமட்டச் சுருதிக்கு இறக்கினாலும் தளராத நீண்ட கழுத்து வேண்டும், எவ்வளவு பெருக்கினாலும் குழம்பிப்போகாமல் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வேண்டும். அப்படி ஒரு வலது கைக் கிட்டாரைப் பழையதாக வாங்கி, ஒரு நோன்பு மாதத்துப் பகல்களையெல்லாம் செலவழித்து, தலைகீழாகத் திருப்பி இடது கைக்கு ஆக்கியிருந்தாள். தன் முழங்கையில் இடிக்கும் குமிழைக் கழற்றினாள். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் ஆறு பள்ளங்களோடு கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை ஒன்று உண்டு. வலது கைக்கு வெட்டிய பள்ளங்களில் திருப்பிப் போட்ட கம்பிகள் உட்காராது. கடைக்கு சூப்புக்காக வரும் மாட்டுக்கால் எலும்பில் ஒரு துண்டை அறுத்து, காயவைத்து, ராவி, அந்தப் பட்டையை அவள் கையாலேயே செய்திருந்தாள்.

அந்த எலும்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது.

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கிக் கீழே வந்தாள். மத்தியானக் கூட்டம் இன்னும் வரவில்லை. சாதிக் மீன்தலைக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா?" கரண்டியை வைக்காமலே கேட்டான். "வெண்ணெ மாதிரி இருக்கும்னான் அந்த ஆளு. வெரல வச்சாலே போதுமாம். கஷ்டமே இல்ல, செனாங்கா வாசிக்கலாம்லா."

"கம்பிய மாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

சாதிக் இப்போதுதான் திரும்பினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அத்தா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டாரும்மா."

ஏழு வருஷமாக ஹாஜரா குழுவோடு மேடையில் வாசிக்கிறாள். அத்தா ஒரு தடவைகூட வந்ததில்லை. பாட்டும் கூத்தும் ஆகாது என்று பள்ளிவாசல் வாசலில் யாரோ சொன்னபோது, "எம் பிள்ளை யாரு வூட்டுலயும் திருடல" என்று ஒரே வார்த்தையில் வாயடைத்தவர் அவர். இசையைப் பற்றி அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. அவருடைய புகார் வேறு.

"மொத வரிசையில நாற்காலி போட்டு ஒக்கார வைப்பாங்க" என்றான் சாதிக். "பக்கத்துல ஜமாஅத் ஆளுங்க, துணிக்கடைக்காரங்க, நம்ம கடையில டெய்லி சாப்புடுறவங்க. நீ பீச்சாங்கையத் தூக்கி டங்கு டங்குன்னு அடிப்பே. நெஞ்சத் தெறந்து தச்ச மனுஷன், அதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரா?"

"அதுனால?"

"ஸ்கூல்ல படிக்கும்போது வலது கையாலதானே வாசிச்சே? ஆசிரியர் தினத்துல. நான்தான் பாத்தேன்ல? அந்த மாதிரி ஒரு நாளு வாசிச்சா என்னா கொறஞ்சு போயிடும்? நாலே பாட்டு."

"அது வேற, அண்ணே. அது கூட்டத்தோட பாடுறதுக்குச் சும்மா கம்பியத் தடவிக் குடுக்கறது."

"இதுவும் கம்பிதானே?"

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கை என்பது சட்டை மாதிரி. நாலு பேர் வரும்போது நல்லதை எடுத்துப் போட்டுக்கொண்டால் போயிற்று.

"பழைய எலும்பு எங்க?"

"எந்த எலும்பு?"

"கழுத்துல இருந்துச்சே."

"அதா? தூக்கிப் போட்டிருப்பான். புதுசு மாட்டிக் குடுத்தான்லா, நீ என்னமோ..."

ஹாஜரா அவனைத் தாண்டிப் போய் சூப் பானையின் மூடியைத் திறந்தாள். நீளமான இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவி, ஒரு கால் எலும்பை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். எலும்பின் சுவர் மெல்லிசு. போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஏய், என்னா பண்றே? காசு குடுத்துத் திங்க வர்றவனுக்கு வச்சிருக்கு!"

"ரெண்டு எலும்பு கொறச்சுப் போடு. சூப்பு ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

எலும்புகளைக் கழுவித் தாளில் சுற்றினாள். கிட்டார் பெட்டியைத் தோளில் மாட்டினாள். "சாயங்காலம் வரைக்கும் நீயே கறி ஊத்திக்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

படகில் அக்கரை போகும்வரை அவள் மனம் ஓயவில்லை. இடது கை மடியில் கிடந்தது. வலது கை படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தது. அவள் நினைக்காமலே அப்படி அமைந்திருந்தது.

'கை மாத்து.' அவள் பேசக் கற்பதற்கு முன்பே கேட்டுப் பழகிய சொல் அதுவாகத்தான் இருக்கும். சோற்றில் இடது கை போனால், "கை மாத்து." பென்சிலை எடுத்தால், "கை மாத்து." பெரியவர்களுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால், "கை மாத்தும்மா." அத்தா அதட்டியதில்லை, அடித்ததில்லை. இருமல் வருவது போல அந்தச் சொல் அவரிடமிருந்து வரும். அவ்வளவுதான். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் மகள் இடது கையால் சோறு போட்டால் யார் சாப்பிடுவார்கள்? அவள் கற்றுக்கொண்டாள். இன்று அவள் வலது கையால் கறி ஊற்றும் வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் மெச்சுகிறார்கள். தட்டில் ஒரு சொட்டு சிந்தாது.

ஆனால் அந்தக் கை தன்னுடையதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நல்ல குடும்பத்திலிருந்து வந்து தன்னோடு தங்கியிருக்கும் உறவுக்காரப் பெண்ணைப் போல அது இருந்தது. கேட்டதைச் செய்யும். முகம் சுளிக்காது. ஒருநாளும் கோபப்படாது. இடது கைக்குத்தான் கோபம் வரும். கதவை ஓங்கிச் சாத்துவது அது. பேருந்தில் இடுப்பைத் தொட்டவனின் விரலை முறுக்கியது அது. தன்னுடைய எல்லாக் கோபமும் பயன்படுத்தப்படாமல் அந்த ஒரு கையில் சேர்ந்து கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, கிட்டாரை முதன்முதலாகத் திருப்பிப் பிடித்து அடித்த அன்றைக்குத்தான்.

பட்டர்வொர்த்தில் தங்கராஜு மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். அவன் குழுவின் டிரம்மர். மாக் மண்டினில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறையில் வேலை. சனிக்கிழமை அரைநாளோடு பட்டறை அடைத்துவிடும். பிறகு அதன் பின்பகுதி அவர்களுடையது. எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லாத இடம் வேறு எங்கே கிடைக்கும்?

பெட்டியைத் திறந்து பார்த்த தங்கராஜு வாயில் கை வைத்தான். "அலாமாக்! என்னாக்கா இது, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சோடிச்ச மாதிரி ஒக்காந்திருக்கு?"

ஹாஜரா நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்ததும் தலையைச் சொறிந்தான்.

"வேற கிட்டார் கேட்டுப் பாக்கவா?"

"எல்லாம் வலது கை. நாளைக்குள்ள எவன்கிட்ட இருக்கு இடது கைக் கிட்டாரு?"

"அப்ப..." அவன் கொஞ்சம் தயங்கினான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒரு நாளுதானே? நாலு பாட்டுதானே? நீங்க வலது கையாலயும் வாசிப்பீங்கதானே? பேஸ்ல சலேஹாவும் டிரம்ல நானும் அடிச்சுச் சமாளிச்சுருவோம். கூட்டத்துல எவனுக்குத் தெரியப் போவுது?"

நீயுமா என்பது போல அவனைப் பார்த்தாள். பிறகு கிட்டாரை வலது கைக்குத் தக்கபடியே மாட்டினாள். வயரைச் செருகி, ஒலியைப் பெருக்கும் ஆம்பைத் திருகினாள்.

"அடி. ரெண்டாவது பாட்டு."

தங்கராஜு குச்சிகளைத் தட்டித் தொடங்கினான். அவள் உள்ளே வந்தாள்.

விரலுக்குச் சுகமாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. கம்பிகள் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் போதும். ஆனால் அவர்களுடைய சுருதிக்கு இறக்கியதும் அந்த மெல்லிய கம்பிகள் வேகவைத்த மீ நூடுல்ஸ் போலத் தொங்கிப் போயின. ஓங்கி அடித்தால் சுரம் மேலே ஏறிக் குடிகாரனைப் போலத் தள்ளாடிவிட்டுத்தான் இறங்கியது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் உரசி ஈ மொய்ப்பது போல இரைந்தது. அந்த இரைச்சலையும் ஆம்பு விட்டுவைக்கவில்லை, பத்து மடங்காக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே கை. கனத்த ராக்கில் உள்ளங்கையின் விளிம்பைக் கம்பிகளின் அடியில் அழுத்தி வைத்துக்கொண்டே அடிக்க வேண்டும். அப்போதுதான் ஒலி படராமல் குறுகி, பூட்டிய கதவை உள்ளேயிருந்து குத்துவது போல வரும். அவளுடைய வலது கைக்கு அழுத்தவும் தெரியவில்லை, குத்தவும் தெரியவில்லை. கறி ஊற்றுவது போலப் பதமாக, சிந்தாமல், ஓர் இமைப்பொழுது தாமதமாக வந்து கம்பியில் இறங்கியது.

பாதியிலேயே தங்கராஜு குச்சிகளை நிறுத்தினான்.

"என்னா?" என்றாள் ஹாஜரா.

"அக்கா, சொன்னாக் கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அடிக்கிற மாதிரி இருக்கு."

ஹாஜரா ஆம்பை அணைத்தாள். தாளைப் பிரித்து எலும்பை எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள். "வாள் எங்க வச்சிருக்கே?"

முதல் எலும்பு பாதி அறுக்கும்போதே பிளந்துவிட்டது. ரொம்ப வெந்திருந்தது. இரண்டாவதை அவள் மெதுவாக, பிடிகருவியில் துணி சுற்றி இறுக்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து அறுத்தாள். ராவ ராவ, சூப்பில் போட்ட பட்டையும் கிராம்பும் மணத்தன. "எனக்குப் பசிக்குதுக்கா" என்றான் தங்கராஜு. பிளாஸ்டிக் துண்டைச் சிறு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி அவள் வெளியே தள்ளினாள். எலும்பைப் பொருத்திப் பார்த்தாள், ராவினாள், மறுபடி பொருத்தினாள். பென்சிலால் ஆறு கோடுகள் போட்டாள். ஊசி அரத்தால் ஒவ்வொரு கோட்டையும் பள்ளமாக்கினாள். தலைப்பக்கம் சற்றுச் சரிவாக. அந்தச் சரிவு இல்லாவிட்டால் கம்பி பள்ளத்துக்குள்ளேயே நடுங்கும்.

கை வேலையில் இருந்தபோது மனம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. ஒரு பயம் மெல்ல மேலே வந்தது. அத்தா வருகிறார். ஏழு வருஷம் அவர் வரவில்லையே என்று ஏங்கினேனே, இப்போது வருகிறவரை நோகடிக்கத்தான் இந்த எலும்பைத் தேய்க்கிறேனா? சாதிக் கேட்டதில் என்ன தப்பு, ஒரு நாள் மகளாக இருந்துவிட்டுப் போனால் என்ன? அரத்தை நிறுத்திவிட்டு அவள் அந்தக் கேள்வியை நேராகப் பார்த்தாள். அவர் வரப்போவது யாரைப் பார்க்க? வலது கையால் தடவிக் கொடுக்கும் ஒருத்தியைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு நல்லா வாசிச்சா" என்று அவர் நிம்மதியாக வீடு போனால், அவர் பார்த்தது அந்த உறவுக்காரப் பெண்ணைத்தான். ஹாஜராவை அவர் பார்க்கவே இல்லை. அப்படிப் பார்த்துவிட்டுப் போவதைவிட, வராமலே இருந்த ஏழு வருஷம் கௌரவமானது.

அவள் மறுபடி ராவத் தொடங்கினாள்.

பெட்டிக்குள் எப்போதும் மிச்சமாக வைத்திருக்கும் தடித்த கம்பிகளை மாட்டினாள். இழுவை கூடியதும் கழுத்து முன்னால் வளைந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்று இறுக்கி நிமிர்த்தினாள். கம்பிகளை உடம்புப் பக்கம் தாங்கும் பாலத்தைத் தூக்கிக் கம்பிகளைக் கட்டைகளிலிருந்து உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"போதும்லா" என்றான் தங்கராஜு, ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு. "யம்மா! இரும்பு வேல பாக்குற எனக்கே வெரலு வலிக்குது. கஷ்டமா இருக்காதாக்கா?"

"இருக்கணும்."

"என்னாத்துக்கு?"

"நான் தள்ளினா அதுவும் என்னையத் தள்ளணும்" என்றாள். "சும்மா விட்டுக் குடுத்துட்டே போனா எதுமேல போய் நான் அடிக்கிறது?"

கிட்டாரைத் திருப்பி மாட்டினாள். இடது கை மேலே வந்தது. உள்ளங்கை விளிம்பு தானாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரே ஒரு அடி, கீழ்நோக்கி.

சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. ஒலி கொழகொழக்கவில்லை, இழுபடவில்லை. முஷ்டியைப் போல மூடிய ஒலி. அவள் கையை விலக்கியதும் அது விரிந்து உறுமி, நெடுநேரம் பட்டறைக் கூரையிலேயே நின்றது.

தங்கராஜு போய் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தான்.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தெரு நிரம்பிவிட்டது. மேடைக்குப் பின்னால், ஒரு நகைக்கடையின் சாத்திய கதவோரம், கூடாரத் துணியால் மறைத்த சின்ன இடம். சலேஹா பேஸ் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்ய வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். குழுவில் பாடுவதும் அவள்தான். ஹாஜரா முக்காட்டின் முனைகளைச் சட்டைக்குள் செருகினாள். தோள்வாரில் சிக்கினால் பாட்டே போய்விடும்.

துணி விலகியது. சாதிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தா உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட கட்டம் போட்ட கைலி. பெருநாளைக்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தார்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சுத்தா."

அவர் பார்வை கிட்டாரின் மேல் போனது. கழுத்து எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தார். சாதிக்கைப் பார்த்தார்.

"மாத்தியாச்சுன்னு சொன்னியேடா."

"மாத்துனேன்த்தா! சத்தியமா மாத்திக் குடுத்தேன்." சாதிக் தங்கையை முறைத்தான். "எலும்பத் தூக்கிட்டு ஓடுனப்பவே எனக்குத் தெரியும்."

"நான்தான் திருப்பி மாத்துனேன்த்தா" என்றாள் ஹாஜரா.

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ ஒரு காரின் எண்ணைச் சொல்லி வழியிலிருந்து நகர்த்தச் சொன்னார்கள். அத்தா தன் நெஞ்சின் மேல், தையல் ஓடிய இடத்தில், பழக்கமாகக் கை வைத்துக்கொண்டார். வலது கை.

"கை மாத்தும்மா" என்றார். அதே குரல், அதே இருமல் போல. "இன்னிக்கு மட்டும்."

அவளுடைய இடது கை கம்பிகளிலிருந்து ஒரு விரல் உயரம் மேலே எழுந்தேவிட்டது. அவ்வளவு பழக்கம். அந்தச் சொல் விழுந்தால் கை நகரும். முப்பத்துமூன்று வயதிலும் நகர்கிறது. அது நகர்வதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அதைத் திரும்பக் கம்பிகளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"மாட்டேன்த்தா."

இந்தச் சொல்லை அவரிடம் அவள் இதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு கூடாரம் இடிந்து விழவில்லை. சலேஹா மட்டும் வெந்நீரைக் கீழே வைத்தாள்.

"ஆளுங்க பாப்பாங்கம்மா."

"பாக்கறதுக்குத்தானேத்தா மேடை."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"எனக்கும் இத்தன வருஷமா ஒரு மாதிரியாத்தான்த்தா இருந்துச்சு." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டாள். "கடையில ஒங்க சோத்த வலது கையாலதான் போடுறேன். போடுவேன். சாப்புட வர்றவங்க மனசு அது. ஆனா இது நான் வாசிக்கிறது. ஒங்களுக்குப் பாக்க முடியலன்னா எந்திரிச்சுப் போயிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன். கை மட்டும் மாத்த மாட்டேன்."

வருத்தப்பட மாட்டேன் என்றது பொய். அவருக்கும் அது தெரிந்திருக்கும். அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

"நெஞ்சத் தெறந்து தச்ச மனுஷன்கிட்ட..." என்று தொடங்கினான் சாதிக்.

"அண்ணே, போய் அவரு பக்கத்துல ஒக்காரு. மொத அடி சத்தமா வரும், முன்னாடியே சொல்லிவையி."

மேடை ஏறியபோது அவள் முதலில் பார்த்தது முன்வரிசையைத்தான். அத்தா போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சாதிக், மறுபக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஜமாஅத்துக்காரர். தெரு முழுக்கத் தெரிந்த முகங்கள். வலது கையால் தான் ஊற்றிய கறியைத் தின்ற முகங்கள்.

தங்கராஜு குச்சிகளைத் தட்டினான். ஹாஜரா இடது கையைத் தூக்கினாள். இறக்கினாள்.

குயின் ஸ்ட்ரீட்டின் கடைக் கதவுகள் தடதடத்தன. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஜமாஅத்துக்காரர் குனிந்து அத்தாவிடம் ஏதோ சொன்னார். அத்தா தங்கராஜுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த கண் வாங்காமல், டிரம் வாசிப்பதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர் போல.

முதல் பாட்டு முடிந்தது. அவர் பார்வை அசையவில்லை. இரண்டாவது தொடங்கி, சலேஹா உள்ளிருந்து கிழித்தெடுப்பது போலப் பாடினாள். அத்தா இப்போது சலேஹாவைப் பார்த்தார். பிறகு மறுபடி டிரம்மை. ஹாஜரா நின்ற பக்கம் மட்டும் மேடையில் யாருமே இல்லாதது போலிருந்தது.

எழுந்து போயிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். உட்கார்ந்துகொண்டே பார்க்காமலிருப்பதற்கு அவள் தயாராக வரவில்லை. கை தளரப் போகிறது என்று தோன்றிய அந்த நொடியில், கம்பி அவளைத் திருப்பித் தள்ளியது. தடித்த, விட்டுக்கொடுக்காத கம்பி. அதில் ஊன்றிக்கொண்டு அவள் நடந்தாள். மேடையின் நடுவுக்குப் போய், டிரம்முக்கும் அத்தாவுக்கும் குறுக்கே நின்றாள்.

அத்தா தலையைத் திருப்பிச் சலேஹாவைப் பார்த்தார். ஹாஜரா சலேஹாவின் பக்கம் போனாள். சலேஹா பாடிக்கொண்டே ஓர் அடி விலகி இடம் விட்டாள். அத்தா ஆம்பைப் பார்த்தார். ஹாஜரா அங்கேயும் போய் நின்றாள். கிட்டார் ஆம்பை நெருங்கியதும் ஊளையிடத் தொடங்கியது. அவள் அதை அடக்கவில்லை. சாதிக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

அத்தா தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்தார். அங்கே மட்டும் அவளால் போய் நிற்க முடியாது.

மேடையின் விளிம்புக்கு வந்தாள். வயர் அதற்கு மேல் நீளாது. அங்கே நின்று, உள்ளங்கையைக் கம்பிகளில் அழுத்தி, பாட்டிலேயே கனமான பகுதியைத் தொடங்கினாள். கீழ்நோக்கி மட்டும் அடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல். மேடைப் பலகை அதிர்ந்தது. முன்வரிசை நாற்காலிகளின் கால்கள் தாரில் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம், தலையைத் திருப்பிக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் நாற்காலி வழியாக உடம்புக்குள் வருவதை என்ன செய்வது? அவள் முன்கை எரிந்தது. விரல் நுனிகளில் கம்பி வெட்டியது. வேகத்தைக் குறைக்கவில்லை.

அத்தா நிமிர்ந்தார்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். உயர்ந்து இறங்கும், உயர்ந்து இறங்கும் அந்த இடது கையை, முதன்முறையாக, அதைத் தடுக்க ஒரு சொல்லும் இல்லாமல் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா வேறா என்று அவளால் படிக்க முடியவில்லை. படிக்க நிற்கவும் அவளுக்கு நேரமில்லை. பாட்டு இன்னும் முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை, கெஞ்சவில்லை. அவர் கண்ணெதிரே கையை இன்னும் உயரமாகத் தூக்கி, அடுத்த அடியை அடித்தாள்.